கிலோ விலையில் மீன்: கிரேக்கச் சிற்றூர் உணவகத்தில் தனியாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு

கிரேக்க நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அக்ரோபோலிஸ் நுழைவுச்சீட்டைப் பற்றியும் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களைப் பற்றியும் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு சிறிய ஊரின் சாதாரண உணவகத்தில் தனியாளாகப் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சென்ற செப்டம்பரில் ஒரே ஒரு மதிய உணவுக்காக ஏறக்குறைய 115 யூரோவையும் ஒரு முழு மாலைப்பொழுதையும் கூடுதலாக இழந்தேன். ஒரு யூரோவைத் தோராயமாக 100 ரூபாய் என்று கொண்டால், அது ஊரில் ஒரு சிறிய குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவு. பணம் போனதை விட, குடும்பம் குடும்பமாக மக்கள் நிறைந்திருந்த கூடத்தில் கணக்குக் கேட்டு நின்ற அந்த அரை மணி நேரத்து அவமான உணர்வுதான் பல நாள் உறுத்தியது. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நான், விடுமுறையில் பெலொப்பொனீஸ் பகுதியைப் பேருந்திலேயே சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பியிருந்தேன். ஸ்பார்ட்டாவில் அறை எடுத்துத் தங்கி, அருகிலுள்ள மிஸ்த்ராஸ் என்னும் பைசாந்தியக் காலத்து மலைநகரத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை யீதியோவுக்குச் சென்றேன். யீதியோ, லாக்கோனிய வளைகுடாவின் கரையில் ஸ்பார்ட்டாவிலிருந்து 45 கிலோமீட்டர் அளவில் உள்ள சிறு துறைமுக ஊர். பண்டைய ஸ்பார்ட்டாவின் கடற்படைக்கு அதுவே தளமாக இருந்தது. திராய் நகரத்துப் பாரிஸும் ஹெலனும் ஓடிப்போன முதல் இரவைக் கழித்ததாகப் புராணம் சொல்லும் க்ரனாயி என்ற குட்டித் தீவு, இன்று ஒரு சிறு கரைப்பாதையால் ஊரோடு இணைந்திருக்கிறது. கடலோரம் நெடுக உணவகங்கள். அவற்றின் முன்னால் கம்பியில் உலர்த்தப்பட்ட கணவாய் இனத்து ஆக்டோபஸ்கள். பார்ப்பதற்கு அழகான ஊர்தான். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் உணவகத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்று. நம் ஊர்க் கணக்கில் அது சாப்பாட்டு நேரம் முடிந்து மேசையைத் துடைக்கும் வேளை. கிரேக்கத்திலோ, அதிலும் ஞாயிற்றுக்கிழமையில், இரண்டு மணிக்குத் தொடங்கும் மதிய உணவு ஐந்து மணி வரை நீளும். தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் மேசைகளை இழுத்துச் சேர்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரவு உணவு என்றால் ஒன்பது மணிக்குப் பிறகுதான் கூட்டம் வரும். இந்த உணவகங்களைத் தவேர்னா என்கிறார்கள். தவேர்னா என்பது பரேயாவுக்காக, அதாவது கூடியிருந்து உண்ணும் நண்பர், உறவினர் கூட்டத்துக்காக அமைந்த இடம். தட்டுகள் எல்லாம் மேசையின் நடுவில் வைக்கப்படும். சமைத்து முடிந்தது எதுவோ அது முதலில் வரும். எல்லோரும் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு தட்டின் அளவும் அதற்கேற்றபடிதான் இருக்கும். தனியாளாகப் போகிறவர் இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: ஒரு கிராமத்துச் சாலடும் ஒரு பருப்புத் தட்டும் சொன்னாலே வயிறு நிரம்பிவிடும். முக்கிய உணவு என்று இன்னொன்று வேண்டுமானால் அரைப் பங்கு கிடைக்குமா என்று கேளுங்கள். ‘மிசி மெரிதா’ என்றால் புரிந்துகொள்வார்கள். எல்லா இடத்திலும் தரமாட்டார்கள், ஆனால் கேட்டால் முகம் சுளிப்பவர் யாரும் இல்லை.

கழிவறைக்குப் போகும் வழியை ஒட்டி ஒரு மேசை காட்டப்பட்டது. உணவுப் பட்டியலை நான் புரட்டத் தொடங்கியதும் பரிமாறுபவர் வந்து, பட்டியலை மூடிவைத்துவிட்டு உள்ளே வந்து மீனைப் பாருங்கள் என்று அன்போடு அழைத்தார். கண்ணாடிப் பெட்டியில் பனிக்கட்டி மேல் மீன்கள் பளபளத்தன. ஒரு சிவந்த மீனைத் தொட்டுக்காட்டி, இது இன்று காலை வலையில் விழுந்தது, உங்களுக்காகச் சிறியதாக ஒன்றை எடுத்துத் தருகிறேன் என்றார். அது ஃபங்ரி என்று அழைக்கப்படும் கடல்மீன். விலை என்ன என்று கேட்டேன். எல்லாம் நல்ல விலைதான், கவலை வேண்டாம் என்று தோளைத் தட்டினார். பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். சரி என்று தலையசைத்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கிரேக்கத்தில் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காட்டப்படும் பெரிய மீன்களின் விலை தட்டுக்கு இல்லை, கிலோவுக்கு. கடலில் பிடித்த உயர்வகை மீன்கள் கிலோ 50 யூரோவுக்கும் 80 யூரோவுக்கும் இடையில் விற்பது சாதாரணம். கடல் இறால் வகையைச் சேர்ந்த லாப்ஸ்டர் அதைவிடவும் கூடும். எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பு, தலை, செதில், குடல் எல்லாம் சேர்த்து. ஆகவே முள்ளும் தலையுமாகத் தட்டில் வந்து சேரும் மீனைப் பார்த்து எடையை ஊகிக்க இயலாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அந்த நாட்டு வழக்கமே அதுதான். உள்ளூர்க்காரர்கள் மீனைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தராசில் வைக்கச் சொல்லி, எடையைக் கண்ணால் பார்த்து, மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் அடுப்புக்கு அனுப்புகிறார்கள். அப்படிக் கேட்பதை அங்கே யாரும் கஞ்சத்தனமாக நினைப்பதில்லை. கேட்காதவரைத்தான் வெளியூர்க்காரர் என்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள். கிலோ கணக்கு வேண்டாம் என்றால் நெத்திலி இனமான காவ்ரோஸ், மத்தி இனமான சர்தேலா, பொரித்த சிறுமீனான மரீதா ஆகியவை பெரும்பாலும் தட்டுக்கு இவ்வளவு என்று விலையிட்டே கிடைக்கும். பண்ணையில் வளர்த்த சிப்பூராவும் லவ்ராக்கியும் பல இடங்களில் ஒரு மீனுக்கு ஒரே விலையாக இருக்கும். பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ உறைநிலையைக் குறிக்கும் சுருக்கெழுத்தோ இருந்தால் அது உறையவைத்த பொருள். துறைமுக ஊரில் உட்கார்ந்துகொண்டு உறைந்த கணவாயைத் தின்ன வேண்டிய அவசியம் இல்லை என்பதால் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது.

நான் உட்கார்ந்த சிறிது நேரத்தில் ரொட்டிக் கூடை வந்தது. அதோடு ஒரு சிறு தட்டில் ஆலிவ் காய்களும் பாலாடைக்கட்டி மசியலும் வந்தன. நான் இரண்டையும் கேட்கவில்லை. ரொட்டிக்கும் முள்கரண்டி முதலியவற்றுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் உண்டு. குவேர் என்று பட்டியலின் ஒரு மூலையில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை யூரோ. ரொட்டி வேண்டாம் என்றால் கூடை வந்தவுடனேயே சொல்லிவிட வேண்டும். ஒரு துண்டைக் கடித்த பிறகு சொல்வதில் பயனில்லை. கேட்காமல் வரும் ஆலிவ், மசியல் வகைகளைப் பற்றி, இதற்குத் தனி விலை உண்டா என்று வைக்கும்போதே கேட்டுவிடுங்கள். கிராமத்துச் சாலட், ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியல், அரை கிலோ வீட்டு ஒயின் ஆகியவற்றைச் சொல்லியிருந்தேன். ஆம், அங்கே சில்லறை ஒயினையும் கிலோ கணக்கில்தான் சொல்வார்கள். ஃபாவா, நெய்யும் பெருங்காயமும் இல்லாத நம் வீட்டுப் பருப்பு மசியல் போலவே இருந்தது. ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் மேலே. பல நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக ஓட்டிய நாக்குக்கு அது தந்த ஆறுதலை மறைக்க மாட்டேன். ஆனால் மீன் வரவில்லை. நாலரை மணிக்குக் கேட்டபோது, கரி அடுப்பில் உங்கள் முறை வருகிறது என்றார். பெரிய குடும்பங்களின் தட்டுகள் முதலில் போயின. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் காலி ஒயின் குவளையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பார்ட்டாவுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து ஆறு மணியளவில். மீன் வந்தது ஐந்தே காலுக்கு. சுவையில் குறை சொல்ல முடியாத மீன், அதை எலும்போடு எலும்பாக விழுங்கவேண்டிய நிலை.

சாப்பிட்டு முடித்தாலும் பில் தானாக வராது. இதுவும் அந்த நாட்டின் மரியாதைதான். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைத்தால் எழுந்து போங்கள் என்று சொல்வதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். எனவே அவசரம் இருந்தால் கடைசித் தட்டு வரும்போதே பில்லைக் கேட்டுவிட வேண்டும். ‘தோ லோகாரியாஸ்மோ, பாராகாலோ’ என்பது நான் மனப்பாடம் செய்திருந்த ஒரே வாக்கியம். இரண்டு முறை சொன்ன பிறகு, மேசைத்தாளின் ஓரத்தைக் கிழித்து, அதில் 89 என்று மட்டும் பேனாவால் எழுதிக் கொண்டுவந்து வைத்தார்.

முப்பது, முப்பத்தைந்து யூரோ என்று கணக்குப் போட்டிருந்த எனக்குக் கை நடுங்கியது. விவரம் கேட்டேன். மீன் 900 கிராம், கிலோ 65 யூரோ, ஆகவே 58.50 என்றார். என் தட்டில் அப்போது தலையும் முதுகெலும்பும்தான் இருந்தன. 900 கிராமா 600 கிராமா என்பதற்கு அவருடைய வார்த்தை தவிர வேறு சாட்சி இல்லை. வங்கி அட்டையை நீட்டினேன். அவர் தலையையும் புருவத்தையும் சற்று மேலே உயர்த்தி நாக்கால் ஓர் ஒலி எழுப்பினார்; கிரேக்கர்களிடம் அது ‘இல்லை’ என்னும் சைகை. இயந்திரம் பழுதாம், ரொக்கமாகத் தர வேண்டுமாம். அந்த நேரத்தில் எனக்கு உதவியது பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரி. உரிய ரசீது தரப்படாவிட்டால் நுகர்வோர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர் என்று கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருப்பது அங்குள்ள உணவகங்களில் சட்டப்படி கட்டாயம். ஆதென்ஸில் தங்கியிருந்தபோது எதற்கோ படித்து வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்து, அபோதிக்சி, அதாவது ரசீது, வேண்டும் என்றேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தும் துணிவும் இல்லை. பக்கத்து மேசைப் பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். சிறிது நேரத்தில் அட்டை இயந்திரம் குணமாகிவிட்டது. அச்சான ரசீதில் ஆலிவ் தட்டுக்கான 5 யூரோ காணாமல் போய், தொகை 84 என்று வந்தது.

ரசீதிலும் இரண்டு வகை உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். தட்டுகள் வரும்போதே மேசையில் ஒரு சிறு கண்ணாடிக் குவளைக்குள் சீட்டு ஒன்றைச் சுருட்டி வைப்பார்கள். அது பெரும்பாலும் ஆர்டர் சீட்டுதான், வரிக்கணக்கில் சேரும் ரசீது ஆகாது. ஆனாலும் அது வந்தவுடன் எடுத்துப் பார்ப்பது நல்லது, மீனின் எடையும் விலையும் அதிலேயே தெரிந்துவிடும். பட்டியலில் உள்ள விலைகளில் வரி அடக்கம். அதற்கு மேல் வரி என்று யாராவது சேர்த்தால் கேள்வி கேட்கலாம். அட்டை வாங்கும் இயந்திரம் வைத்திருப்பது உணவகங்களுக்குக் கட்டாயம் என்பதால் பழுது என்ற பதிலை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சிக்கல் முற்றினால் நுகர்வோர் உதவிக்கு 1520, சுற்றுலாக் காவலருக்கு 1571 என்ற எண்கள் உள்ளன. நான் இரண்டையும் அழைக்கவில்லை. எண்களே அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், கைப்பேசியில் அந்த எண்ணை எழுதிக் காட்டியிருந்தாலே பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. கேடெல் என்று அழைக்கப்படும் மாவட்டப் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மிகவும் குறைவு. பருவத்துக்குப் பருவம் நேரமும் மாறும். வாடகைக் கார் ஓட்டுநர் 65 யூரோ கேட்டார், கொடுத்தேன். வண்டியில் வரும் வழியெல்லாம் ஆலிவ் தோப்புகளுக்கு மேலே தைகெத்தோஸ் மலை மாலை வெயிலில் சிவந்திருந்தது என்று பின்னாளில் நண்பர்களிடம் சொன்னேன். உண்மையில் நான் கைப்பேசியில் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு நான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் அம்மாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். கதையைக் கேட்டதும் அவர் சொன்னது, தனியாக வந்தவர் ஞாயிறு மதியம் கடலோரத் தவேர்னாவுக்கு ஏன் போக வேண்டும், மாகிரியோவுக்குப் போயிருக்கலாமே என்பதுதான். மாகிரியோ என்பது சமைத்த உணவுக்கடை. காலையிலேயே அடுப்பில் செய்த பத்துப் பதினைந்து வகைகள் தட்டையான பெரிய பாத்திரங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். விரலால் காட்டினால் தட்டில் எடுத்து வைப்பார்கள், ஐந்து நிமிடத்தில் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரர்களும் தனியாக வாழும் முதியவர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள், ஆகவே தனியாள் என்று யாரும் ஓரங்கட்டுவதில்லை. மறுநாள் ஸ்பார்ட்டாவிலேயே அப்படி ஒரு கடையில் எண்ணெயில் வதக்கி வேகவைத்த பச்சை பீன்ஸும் ஒரு துண்டு ஃபேட்டா பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தண்ணீருமாக 12 யூரோவில் முடிந்தது. மதியத்துக்குள் போவது முக்கியம்; நான்கு மணிக்குப் பிறகு பாத்திரங்கள் காலியாகிவிடும், பல கடைகள் இரவில் திறப்பதே இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மாகிரியோ இன்னும் பொருத்தம். லதேரா என்ற பெயரில் ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி வகைகள் தினமும் இருக்கும்: பிரியாம் என்ற கலவைக் காய்கறி, யிகாந்தெஸ் என்ற பெரிய வெள்ளை பீன்ஸ், கத்தரிக்காய் வகைகள். தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி வைத்துச் செய்யும் யெமிஸ்தாவும், திராட்சை இலையில் சுருட்டும் தோல்மாதெஸும் சில கடைகளில் சைவம், சில கடைகளில் கொத்துக்கறி சேர்த்தவை. ‘ஹோரிஸ் கிமா’, கொத்துக்கறி இல்லாமல், என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் தராமசலாத்தா மீன்முட்டையில் செய்தது. கிறித்தவ நோன்பு உணவு என்னும் பொருளில் ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாத உணவைக் காட்டுவார்கள், ஆனால் அந்த நோன்பு முறையில் கணவாய், ஆக்டோபஸ், இறால் போன்றவற்றுக்கு விலக்கில்லை என்பதால் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் மூசாக்கா என்ற கத்தரிக்காய்-கொத்துக்கறி அடுக்கிலும் கொத்துக்கறி உருண்டைகளிலும், பன்றியிறைச்சி தவிர்ப்பவர்கள் கம்பியில் குத்திச் சுடும் சுவ்லாக்கியிலும் சுழலும் கம்பியில் சுட்டுச் சீவித்தரும் யீரோஸிலும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பிந்தையவை பெரும்பாலும் பன்றிதான். கோழி வேண்டுமென்றால் ‘கொத்தோப்புலோ’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பயணத்தின் கடைசியில், நவீன கிரேக்கத்தின் தலைநகராக 1834 வரை இருந்த நாஃப்பிளியோவில், மீன் தவேர்னா ஒன்றுக்கு மறுபடியும் போனேன். பயம் இருந்தது. ஞாயிறு மதியத்தைத் தவிர்த்து, வார நாளில் ஒரு மணிக்கே போனதால் கூடம் பாதி காலியாக இருந்தது, பரிமாறும் பெரியவருக்குப் பேச நேரம் இருந்தது. வாசலில் மாட்டியிருந்த பட்டியலில் கிலோ விலையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு 25 யூரோவுக்குள் ஒரு மீன் வேண்டும் என்று தொகையை முதலில் சொன்னேன். அவர் இரண்டு மீன்களை மாற்றி மாற்றித் தராசில் வைத்து, 380 கிராம் உள்ள ஒன்றைக் காட்டி, 60 யூரோ கணக்கில் 22.80 ஆகிறது, சரியா என்று கேட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை எளிமையான ஒன்றுக்காகத்தான் யீதியோவில் அத்தனை பாடு.

அங்கே சாப்பிட்டு முடித்துப் பில் கேட்டபோது, அதோடு ஒரு தட்டில் ரவை அல்வாத் துண்டும் சேர்ந்து வந்தது. நான் சொல்லாதது என்பதால் உடனே கையைத் தூக்கி மறுத்தேன். பெரியவர் சிரித்துவிட்டு, ‘கேரஸ்மா’, அதாவது எங்கள் உபசரிப்பு, என்றார். சாப்பாட்டின் முடிவில் உணவகத்தாரின் அன்பளிப்பாக வரும் பழம், இனிப்பு, சிறு கோப்பை மது ஆகியவற்றுக்குப் பணம் இல்லை. தொடக்கத்தில் கேட்காமல் வருபவற்றுக்குத்தான் பெரும்பாலும் பணம். ஐயம் இருந்தால் ‘கேரஸ்மா?’ என்ற அந்த ஒரு சொல்லைக் கேள்வியாகச் சொன்னால் போதும். பில்லின் மேல் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை அன்பளிப்பு வைப்பது வழக்கம், கட்டாயம் இல்லை; அட்டையில் பணம் கட்டினாலும் அதை நாணயங்களாக மேசையிலேயே வைத்துவிட்டு வருவதுதான் பரிமாறியவருக்கு நேராகப் போய்ச் சேரும்.